ரேடியேட்டர் சூடாகவில்லையா? பாய்லரையும் பம்பையும் படிப்படியாகச் சோதிக்கும் முறை

பிரிட்டனில் இலையுதிர்காலத்தில் ஹீட்டிங்கை முதன்முறையாகப் போடும் நாளில்தான் பெரும்பாலான கோளாறுகள் வெளியே தெரிகின்றன. கோடை முழுக்கச் சுழலாமல் கிடந்த பம்ப் இறுகியிருக்கும். வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பூஜ்யத்தில் நிற்கும். ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடந்தால் உடனே ‘பாய்லர் போய்விட்டது’ என்கிறோம். ஆனால் பல வீடுகளில் பாய்லர் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும். அது சூடாக்கிய நீர்தான் வீட்டுக்குள் போய்ச் சேராமல் அங்கேயே நிற்கும்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். வெப்பம் உண்டாகிறதா? உண்டான வெப்பம் நகர்கிறதா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பாகம் மாற்றத் தொடங்கினால், முதலில் பம்ப், பிறகு வால்வு, கடைசியில் சர்க்யூட் போர்டு என்று பணம்தான் கரையும்.

ஊரில் கிணற்று மோட்டாரும் போர்வெல் மோட்டாரும் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹீட்டிங் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுவதில்லை. குழாய்கள் ஏற்கெனவே நீரால் நிறைந்த மூடிய வளையம். ஒரு பக்கம் ஏறும் நீரின் எடையை மறுபக்கம் இறங்கும் நீர் சமன்செய்துவிடும். பம்ப் வெல்ல வேண்டியது குழாயின் உராய்வை மட்டும். அதனால்தான் 5 அல்லது 6 மீட்டர் ஹெட் (பம்பின் தள்ளும் திறனைச் சொல்லும் அளவு) கொண்ட கையடக்கமான பம்ப் மூன்று மாடி வீட்டுக்கும் போதுமானதாகிறது. அதே காரணத்தால், வளையத்தில் எங்காவது காற்றோ சேறோ அடைத்தால் அதைத் தள்ளிவிடும் பலம் அதற்குக் கிடையாது.

உங்கள் வீட்டில் இருப்பது எது

வெந்நீர்த் தொட்டியே இல்லாமல், குழாயைத் திறந்ததும் பாய்லர் எரியத் தொடங்கினால் அது காம்பி பாய்லர். பம்ப், எக்ஸ்பான்ஷன் வெசல் (சூட்டில் விரியும் நீருக்கு இடம் தரும் கலம்), டைவர்ட்டர் வால்வு (சூட்டை ரேடியேட்டருக்கோ வெந்நீர்க் குழாய்க்கோ திருப்புவது) எல்லாம் அதன் பெட்டிக்குள்ளேயே இருக்கும். வெந்நீர்த் தொட்டி உண்டு, பாய்லரில் பிரஷர் கேஜும் உண்டு என்றால் பெரும்பாலும் சிஸ்டம் பாய்லர். லாஃப்டில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியும் அருகே வாளி அளவில் ஒரு சிறு தொட்டியும் இருந்தால் அது பழைய திறந்த முறை. அந்தச் சிறு தொட்டிதான் ஹீட்டிங்குக்கு நீர் கொடுக்கிறது. பம்ப் பெரும்பாலும் ஏரிங் கப்போர்டில் (வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில்) தனியாகத் தெரியும்படி இருக்கும்.

கை வைக்கக்கூடாத இடம்

கேஸ் வாசனை வந்தால் சோதனை எதுவும் வேண்டாம். சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. ஜன்னல்களைத் திறந்து, மீட்டர் அருகிலுள்ள கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி கேஸை நிறுத்திவிட்டு, வெளியே போய் 0800 111 999 என்ற இலவச அவசர எண்ணை அழையுங்கள். இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொது.

கேஸ் பாய்லரின் முன்மூடியைக் கழற்றும் வேலை கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்வோருக்கான அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவுள்ளவருடையது. பல மாடல்களில் அந்த மூடியே எரிபுகை வீட்டுக்குள் வராமல் அடைக்கும் சீல். சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு கசியலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாய்லர் இருக்கும் அறையில் அதற்கான அலாரம் கட்டாயம் இருக்கட்டும். காம்பியின் உள்ளே இருக்கும் பம்பும் இந்த எல்லைக்குள்தான் வரும். கீழே சொல்லும் பம்ப் வேலைகள் பாய்லருக்கு வெளியே தனியாக இருக்கும் பம்புக்கு மட்டும்.

முதல் ஐந்து நிமிடம்

வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுத்த பிறகு தெரியவரும் காரணங்கள் பல இங்கேதான் இருக்கின்றன.

1. பாய்லரின் திரையில் வெளிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் சுவரிலுள்ள ஃபியூஸ் ஸ்பரை (பாய்லருக்கான, ஃபியூஸோடு கூடிய தனி சுவிட்சை)ப் பாருங்கள். அதில் இருக்க வேண்டியது 3 ஆம்பியர் ஃபியூஸ். மாற்றிய ஃபியூஸும் உடனே போனால் மறுபடி மாற்றாதீர்கள். பம்பிலோ வால்விலோ நீர் இறங்கி ஷார்ட் ஆகியிருக்கலாம்.
2. தெர்மோஸ்டாட்டை 25 டிகிரிக்கு ஏற்றுங்கள். வயர்லெஸ் வகையானால் பேட்டரியை மாற்றுங்கள்.
3. டைமரின் கடிகாரம் சரியாக இருக்கிறதா? மின்சாரம் போய் வந்த வீடுகளிலும், மார்ச், அக்டோபர் நேர மாற்றத்துக்குப் பிறகும் இது தவறியிருக்கும்.
4. கேஸ் அடுப்பு எரிகிறதா? ப்ரீபேமென்ட் மீட்டரில் பணம் தீர்ந்திருந்தால் பாய்லர் ‘பற்றவைக்க முடியவில்லை’ என்றுதான் காட்டும்.
5. பிரஷர் கேஜ். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்க வேண்டும்.

திரையில் எண் வந்தால் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ரீசெட் செய்யுங்கள். எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: வேலன்டில் எஃப்.22 (F.22), பாக்ஸியில் இ119 (E119), ஐடியல் லாஜிக்கில் எஃப்1 (F1) ஆகியவை நீர் அழுத்தம் குறைவு என்பதைச் சொல்பவை. வேலன்டின் எஃப்.28 (F.28), பாக்ஸியின் இ133 (E133), வூஸ்டரின் இஏ (EA), ஐடியலின் எல்2 (L2) ஆகியவை சுடர் பற்றவில்லை என்பதைக் குறிப்பவை. வேலன்டின் எஃப்.75 தனி ரகம்: பம்ப் ஓடத் தொடங்கியும் அழுத்தத்தில் மாற்றம் தெரியவில்லை என்கிறது. பம்ப் இறுகியிருக்கலாம், பிரஷர் சென்சார் சேற்றில் அடைத்திருக்கலாம். ஒரே கோளாறுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் ரீசெட் செய்து பயனில்லை.

இரண்டு குழாய்களும் உங்கள் கையும்

பாய்லரிலிருந்து சூடான நீர் கிளம்பும் குழாய் ஃப்ளோ. திரும்பி வருவது ரிட்டர்ன். காம்பியின் அடியில் வரிசையாக உள்ள ஐந்து குழாய்களில் இவை பெரும்பாலும் இரு ஓரங்களில் இருக்கும். ஹீட்டிங்கைப் போட்டு பத்து நிமிடம் கழித்து இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஃப்ளோ 70, 80 டிகிரி வரை போகலாம் என்பதால் தட்டி எடுப்பதுபோல் தொட்டால் போதும்.

ஃப்ளோ கொதிக்கிறது, ரிட்டர்ன் சில்லென்று இருக்கிறது, பாய்லர் ஓரிரு நிமிடம் எரிந்து அணைந்து மறுபடி எரிகிறது என்றால் நீர் நகரவில்லை. பம்ப், மூடிய வால்வு, அடைப்பு இம்மூன்றில் ஒன்று. இந்த நிலையில் பாய்லரின் ஓவர்ஹீட் பாதுகாப்பு வேலை செய்து லாக் ஆகிவிடும். அதைப் பார்த்துப் பாய்லர்மேல் பழி போடுவதுதான் மிகப் பொதுவான தவறு.

இரண்டுமே சூடு, ஆனால் ரேடியேட்டர்கள் எல்லாம் குளிர் என்றால் நீர் குறுக்குவழியில் திரும்பிவிடுகிறது. ஃப்ளோவை நேராக ரிட்டர்னோடு இணைக்கும் ஆட்டோமேட்டிக் பைபாஸ் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கலாம், அல்லது நீரின் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் மோட்டார் வால்வு முழு நீரையும் வெந்நீர்த் தொட்டிக்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

இரண்டுமே குளிர், பாய்லர் எரியவே இல்லை என்றால் பம்பை மறந்துவிடுங்கள். கேஸ், பற்றவைப்பு, பிரஷர், தெர்மோஸ்டாட் சிக்னல் என்ற பக்கம் போக வேண்டும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் குளிர் என்றால் கோளாறு அதனுடையது. மேல்பாதி குளிர்ந்தால் காற்று. ரேடியேட்டர் சாவி போட்டு அதை வெளியேற்றினால் சரியாகும். முழுதும் குளிர்ந்தால் தெர்மோஸ்டாட்டிக் வால்வின் தலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறு ஊசியை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் உள்ளே போய்த் தானே எழும்ப வேண்டும். மாட்டியிருந்தால் ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் மெல்ல அழுத்தி விடுங்கள். கட்டிங் பிளையரால் பிடித்து இழுத்தால் ஊசி கையோடு வந்து, பின்னாலேயே தண்ணீரும் வரும்.

பம்பைச் சோதிப்பது

ஹீட்டிங் ஓடும்போது நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையைப் பம்பின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். சீரான மெல்லிய ஓட்டம் கேட்டால் ரோட்டர் சுழல்கிறது. ‘ம்ம்ம்’ என்ற முனகல் மட்டும் கேட்டு மோட்டார் பகுதி தொடமுடியாத சூட்டில் இருந்தால், மின்சாரம் வருகிறது, ரோட்டர் இறுகியிருக்கிறது. சத்தமும் அதிர்வும் இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது கெப்பாசிட்டரோ சுருளோ போய்விட்டது. கரகரவென்ற ஓசை தேய்ந்த பேரிங்கைக் காட்டும். சலசலப்பு உள்ளே காற்று இருப்பதைக் காட்டும்.

இறுகிய ரோட்டரை விடுவிக்க:

1. ஃபியூஸ் ஸ்பரை அணைத்து ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். டைமரில் அணைப்பது போதாது. பாய்லர் அணைந்த பிறகும் மிச்சச் சூட்டை வெளியேற்றச் சில நிமிடம் பம்பை ஓட்டும் வசதி பல பாய்லர்களில் உண்டு.
2. பம்ப் ஆறும்வரை காத்திருந்து, அடியில் துண்டு விரியுங்கள். மின்இணைப்புப் பெட்டியைப் பிளாஸ்டிக்கால் மூடுங்கள்.
3. முகப்பின் நடுவிலுள்ள பெரிய ஸ்குரூவை அகன்ற ஸ்குரூடிரைவரால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். கொஞ்சம் கறுப்பு நீர் கசியும், பயப்பட வேண்டாம்.
4. உள்ளே தெரியும் தண்டின் வெட்டில் சிறு ஸ்குரூடிரைவரை வைத்து இருபுறமும் அசைத்துத் திருப்புங்கள். முதலில் முரண்டுபிடித்து, பிறகு தளர்ந்து சுலபமாகச் சுழல வேண்டும்.
5. ஸ்குரூவை மூடி, துடைத்து, மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

2013க்குப் பிறகு மின்சிக்கன விதிகளால் வந்த எலக்ட்ரானிக் பம்புகள் பலவற்றில் இந்த நடு ஸ்குரூ கிடையாது. சிலவற்றில் முன்பக்கம் உள்ளே அழுத்தித் திருப்பும் சிறு ஸ்குரூ உண்டு. சில தாமாகவே அதிர்ந்து விடுவித்துக்கொள்ளும். பழைய பம்பை ஸ்பேனர் பிடியால் இரண்டு தட்டு தட்டினால் ஓடத் தொடங்குவதும் உண்டு. அதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளலாம், மருந்தாக அல்ல. தட்டி ஓடிய பம்ப் விரைவிலேயே மறுபடி நிற்கும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் அளவு பிரச்சினை பெரும்பாலும் இல்லை. வீட்டுப் பம்புகளில் அனேகமானவை முனைக்கு முனை 130 மி.மீ., இணைப்பு ஒன்றரை அங்குலம். க்ரண்ட்ஃபாஸ் நிறுவனப் பம்பை எடுத்துவிட்டு வைலோ நிறுவனத்துடையதைப் போடலாம், மறுதலையாகவும் போடலாம். இருபுறமுள்ள பம்ப் வால்வுகளை மூடி, பெரிய நட்டுகளைத் தளர்த்தி, பழைய ரப்பர் வாஷர்களை எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள். உடலிலுள்ள அம்புக்குறி நீர் ஓடும் திசையில் இருக்க வேண்டும். தண்டு எப்போதும் கிடைமட்டமாக இருக்க வேண்டும். இந்தப் பம்பின் பேரிங்குகளுக்கு ஓடும் நீரே எண்ணெய், செங்குத்தாக வைத்தால் மேல் பேரிங்கில் காற்று தங்கி உலர்ந்து தேயும். மின்இணைப்புப் பெட்டி கீழ்ப்புறம் வரக்கூடாது. வேகத்தை நடு நிலையில் தொடங்கி, கடைசி ரேடியேட்டர் சூடாகாவிட்டால் மட்டும் ஏற்றுங்கள். பல ஆண்டு தொடாத பம்ப் வால்வு முழுதாக மூடாது. மூடினேன் என்று நம்பி நட்டைக் கழற்றினால் கப்போர்டு மிதக்கும். கொஞ்சம் தளர்த்திப் பார்த்து, ஒழுக்கு நிற்காவிட்டால் சிஸ்டத்தை வடித்துவிட்டே கழற்றுங்கள்.

பம்ப் ஓடுகிறது, நீர் ஓடவில்லை

வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் அடுத்த சந்தேகம் மோட்டார் வால்வு. வெள்ளிநிறப் பெட்டியின் பக்கத்தில் சிறு நெம்புகோல் இருக்கும். ஹீட்டிங்கைப் போட்ட ஒரு நிமிடத்துக்குப் பின் அதைத் தள்ளுங்கள். தடையின்றித் தொளதொளவென்று நகர்ந்தால் மோட்டார் வால்வைத் திறந்துவிட்டது. ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தெரிந்தால் மோட்டார் வேலை செய்யவில்லை, அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை. அவசரத்துக்கு நெம்புகோலைத் தள்ளி கொக்கியில் மாட்டிவைத்தால் நீர் போகும். ஆனால் இரண்டு வழி வால்வு அப்படி மாட்டிய நிலையில் உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்சை அழுத்தாது. அதனால் பாய்லர் எரியாமல் போகலாம். வால்வு திறந்தும் பாய்லர் எரியாவிட்டால், பாய்லருக்கு உத்தரவு கொடுக்கும் ஆரஞ்சு நிற ஒயருக்குரிய அந்த சுவிட்சே குற்றவாளியாக இருக்கலாம். பெரும்பாலும் மேல்பெட்டியை மட்டும் மாற்றலாம், நீரை வடிக்க வேண்டியதில்லை.

லாஃப்ட் தொட்டி உள்ள பழைய முறையில் இன்னொரு அடைப்பு உண்டு, அதைத் தேடிப்பார்ப்பவர்கள் குறைவு. சிறு தொட்டியிலிருந்து வரும் குழாய் ஹீட்டிங் குழாயோடு சேரும் மூட்டில் கறுப்புச் சேறு கட்டியாகும். அந்தச் சேறு மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. அதனால் ஒரு சிறு காந்தத்தை அந்தச் செம்புக் குழாயின்மேல் ஓட்டிப் பாருங்கள். செம்பு காந்தத்தை இழுக்காது. எங்கே ஒட்டுகிறதோ அங்கே உள்ளே அடைப்பு. அந்த ஓர் அங்குலத்தை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைப்பதே தீர்வு.

லாஃப்டில் வளைந்து நிற்கும் வென்ட் குழாயிலிருந்து சிறு தொட்டிக்குள் வெந்நீர் கொட்டினால் அதை ‘பம்பிங் ஓவர்’ என்பார்கள். பம்ப் வேகம் கூடுதல், அல்லது மேலே சொன்ன அடைப்பு. கொட்டும் நீர் காற்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. ரேடியேட்டர்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கின்றன.

பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தால்

நீர் நிரப்புவது எளிது. பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். ஃபில்லிங் லூப் என்னும் பின்னல் குழாயை இருமுனையும் பொருத்தி, ஒரு வால்வை முழுதும், மற்றதை மெல்லவும் திறங்கள். 1.2 அல்லது 1.3 பார் வந்ததும் இரண்டையும் மூடிக் குழாயைக் கழற்றிவிடுங்கள். அதை மாட்டியே வைத்திருந்து, வால்வு லேசாகக் கசிந்தால் பிரஷர் தானாக ஏறும். வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ நீர் போகிறது. ஒவ்வொரு முறையும் ஆக்ஸிஜன் கலந்த புது நீர் உள்ளே போய்த் துருவை வளர்க்கும் என்பதால் நிரப்பிக்கொண்டே காலம் தள்ளுவது நல்லதல்ல.

எங்கே போகிறது? வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் 15 மி.மீ. செம்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவையுங்கள். மறுநாள் நீர் இருந்தால், 3 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு கசிகிறது. அது ஒருமுறை திறந்தால் இருக்கையில் தூசு மாட்டி மறுபடி முழுதாக மூடாமல் போவது வழக்கம்.

பை காய்ந்திருந்தால் இரவில் பாய்லரை அணைத்து, அடியிலுள்ள ஃப்ளோ, ரிட்டர்ன் வால்வுகளை மூடிவையுங்கள். காலையில் பாய்லரின் கேஜ் இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். இறங்காவிட்டால் வீட்டுக் குழாய்களிலோ ரேடியேட்டர் மூட்டுகளிலோ தேட வேண்டும். வால்வுகளைத் திறந்த பிறகே பாய்லரை எரியவிட வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பாய்லர்மேலேயே ஒட்டுங்கள்.

சூடாகும்போது முள் 3 பாரை நோக்கி ஏறி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால் அது எக்ஸ்பான்ஷன் வெசலின் கைங்கரியம். 10 டிகிரி நீர் 80 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 3 விழுக்காடு விரிகிறது. சிஸ்டத்தில் 100 லிட்டர் இருந்தால் 3 லிட்டர் கூடுதல் நீருக்கு இடம் வேண்டும். வெசலுக்குள் ரப்பர் சவ்வுக்குப் பின்னால் உள்ள காற்று அந்த இடத்தைக் கொடுக்கிறது. காற்று குறைந்தால் இடமில்லை. பாதுகாப்பு வால்வு திறந்து நீரைத் துப்புகிறது.

வெசல் வெளியே, தொட்டி அருகே சிவப்பு நிறத்தில் இருந்தால் நீங்களே பார்க்கலாம். மூடியைக் கழற்றி, கார் டயரில் இருப்பதுபோன்ற வால்வின் ஊசியை அழுத்துங்கள். நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, வெசலையே மாற்ற வேண்டும். காற்று வந்தாலோ எதுவும் வராவிட்டாலோ, குளிர்ந்த சிஸ்டத்தைப் பூஜ்யம்வரை வடித்து, வடிகுழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு, கால்பம்பால் கையேடு சொல்லும் அளவுக்குக் காற்றடியுங்கள். பெரும்பாலும் 0.75 முதல் 1 பார். டயர் கேஜில் 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. வடிகுழாயை மூடி, பிறகே நீர் நிரப்ப வேண்டும். நீர் அழுத்தம் இருக்கும்போதே அளந்தால் கேஜ் காட்டுவது அந்த அழுத்தத்தைத்தான்.

உறைபனி நாளில் பாய்லர் நின்றால்

கண்டென்சிங் பாய்லர் எரியும்போது புகையிலிருந்து பிரியும் அமில நீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறுகிறது. 21.5 மி.மீ. மெல்லிய குழாயை வெளிச்சுவரில் நீளமாக ஓட்டியிருந்தால் உறைந்து அடைக்கும். 2010 டிசம்பர் குளிரிலும் 2018 பனிப்புயலிலும் இப்படி நின்ற பாய்லர்கள் ஏராளம். பாய்லருக்குள் களகளவென்று நீர்ச் சத்தம், பிறகு சுடர் பற்றாத எண். வளைவிலும் முனையிலும்தான் முதலில் உறையும். அங்கே வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். கொதிநீர் பிளாஸ்டிக்கைப் பிளக்கும், கீழே ஓடி உறைந்து வழுக்கியும் விடும். குழாய் எட்டாத உயரத்தில் இருந்தால் ஏணி போடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். நிரந்தரத் தீர்வு, வெளியே ஓடும் பகுதியை 32 மி.மீ. ஆக்கி, நீர்புகாத இன்சுலேஷன் சுற்றுவது.

கெட்டில் கொதிப்பது போன்ற சத்தம்

ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் என்று தமிழர்கள் நிறைந்த லண்டன் பகுதிகளில் குழாய்நீர் கடினநீர். வெப்பப் பரிமாற்றியில் சுண்ணாம்போ சேறோ படிந்தால் அந்த இடத்தில் மட்டும் நீர் கொதித்துச் சத்தமிடும். பம்ப் பலவீனமாகி ஓட்டம் குறைந்தாலும் இதே சத்தம் வரும். ஆகவே ரசாயனம் வாங்குமுன் ஃப்ளோவுக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பாருங்கள். சுமார் 20 டிகிரிக்குள் இருந்தால் ஓட்டம் சரி. 30ஐத் தாண்டினால் ஓட்டம்தான் பிரச்சினை.

ரேடியேட்டரின் அடிப்பகுதியும் நடுவும் குளிர்ந்து, வடிக்கும் நீர் மசிபோல் வந்தால் சேறு. கிளீனர் ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் காலம் ஓடவிட்டு, நீர் தெளியும்வரை அலசி, பிறகு இன்ஹிபிட்டர் (துருவைத் தடுக்கும் ரசாயனம்) சேர்க்க வேண்டும். சென்டினல் எக்ஸ்100 என்றால் 1 லிட்டர் சுமார் 100 லிட்டர் நீருக்கு. ரிட்டர்ன் குழாயில் காந்த ஃபில்டர் ஒன்று போடுவது நல்ல செலவு. அலசாமல் புதுப் பம்பை மட்டும் போடுவதுதான் வீண் செலவு. பழைய பம்பை இறுக்கிய அதே சேறு புதியதையும் இறுக்கும்.

காம்பியில் மட்டும் வரும் இரண்டு கோளாறுகள்: வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது ரேடியேட்டரும் சூடானால் டைவர்ட்டர் வால்வு முழுதாகத் திரும்பவில்லை. ஷவர் சூடாகி, ஆறி, மறுபடி சூடானால் பெரும்பாலும் குழாய்நீரைச் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைத்திருக்கிறது. இரண்டும் பெட்டிக்குள் இருப்பவை, எஞ்சினியர் வேலை.

எஞ்சினியரை அழைக்கும்போது

‘ஹீட்டிங் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பாய்லர் மாடல், திரையில் வந்த எண், குளிர்ந்தபோதும் சூடானபோதும் கேஜ் காட்டிய அளவு, ஃப்ளோவும் ரிட்டர்னும் எப்படி இருந்தன, வெந்நீர் வருகிறதா என்ற ஐந்தையும் சொன்னால் தேவையான பாகத்தோடு வர வாய்ப்புண்டு. வந்தவரிடம் கேஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அதன் பின்புறத்தில் இருக்கும், முன்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வாடகை வீடு என்றால் ஹீட்டிங்கைப் பழுதுபார்ப்பதும் ஆண்டுதோறும் கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்விப்பதும் வீட்டுக்காரரின் சட்டக் கடமை. போனில் சொன்னதோடு நிற்காமல், அன்றே தேதியிட்டு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவையுங்கள்.